மேரியைப் பிடித்தவர் கையில் ஓட்டுப் பெட்டி: பிரெஞ்சுக் காலத்துப் புதுச்சேரி கொம்யூன்கள்

புதுச்சேரியில் இருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால் முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், நோணாங்குப்பம் என்று ஊர்கள் வரிசையாக வரும். சுண்ணாம்பாற்றைத் தாண்டினால் தவளக்குப்பம். கிழக்கே திரும்பினால் பூரணாங்குப்பம், மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம், சிங்கிரிகுடி. சாலையிலேயே நேராகப் போனால் கிருமாம்பாக்கம், அப்புறம் கடலூர்.

நூறு வருடங்களுக்கு முன்னால் இதே சாலையில் மாட்டு வண்டியில் போனவர், இருபத்தைந்து கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்தில் இரண்டு அரசாங்கங்களைப் பார்த்தார். கடலூர், ஆங்கிலேயரின் தென்னாற்காடு மாவட்டத் தலைநகரம். தவளக்குப்பம், பிரெஞ்சுக்காரர் ஆட்சி. அந்தப் பக்கம் கலெக்டர், இந்தப் பக்கம் கவர்னர். அந்தப் பக்கம் ஓட்டு என்பது வரி கட்டும் சிலருக்கு மட்டும். இந்தப் பக்கம் வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு!

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டு அந்த மக்களுக்கு என்ன கொடுத்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அந்தக் காலத்து ஊர் நிர்வாகம், வியாபாரம், தேர்தல் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியும்.

கொம்யூன் வந்த கதை

நெப்போலியன் போர்களுக்குப் பிறகு 1816இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படிக் கிடைத்த நிலம் ஒரே பரப்பாக இல்லை. துண்டு துண்டாக, நடுநடுவே ஆங்கிலேயர் கிராமங்களோடு இருந்தது. புதுச்சேரியோடு காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் இருந்த சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் பிரெஞ்சிந்தியா.

1870இல் பிரான்சில் மூன்றாம் குடியரசு அமைந்தது. 1871 முதல் பிரெஞ்சிந்தியாவும் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியது. 1880இல் பிரான்சில் இருப்பது போலவே இங்கும் கொம்யூன்கள், அதாவது நகராட்சிகள் உருவாக்கப்பட்டன. முதலில் மொத்தம் 10. அதில் புதுச்சேரிப் பகுதியில் 4: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். 1907இல் இவற்றைப் பிரித்து மொத்தம் 17 ஆக்கினார்கள். புதுச்சேரிப் பகுதிக்கு 8 கிடைத்தன. புதிதாக வந்தவை முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், திருபுவனை, நெட்டப்பாக்கம். தவளக்குப்பம் இன்று இருப்பது இந்த அரியாங்குப்பம் கொம்யூனில்தான்.

கடலூரிலும் 1866 முதல் நகராட்சி உண்டு. ஆனால் அது ஒரு பெரிய ஊருக்கு. இங்கே வயலும் தோப்பும் மீனவர் குப்பங்களும் கொண்ட கிராமங்கள் கூட நகராட்சி ஆகிவிட்டன. நகராட்சி அலுவலகத்துக்குப் பெயர் மேரி. தலைவருக்குப் பெயர் மேர். இன்றும் புதுச்சேரிப் பெரியவர்கள் வாயில் இந்தச் சொற்கள் சர்வ சாதாரணம்.

மேரியில் என்ன நடக்கும்? பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அங்கேதான் பதிவாகும். தெரு, சந்தை, விளக்கு போன்ற ஊர்க் காரியங்களும் அங்கேதான். இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு: வாக்காளர் பட்டியல் தயாரிப்பது. இந்தக் கடைசி வேலையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதை அங்கேதான் திரும்புகிறது.

எல்லையை நம்பிய வியாபாரம்

இந்தச் சின்ன நிலப்பரப்பு எதை விற்றுப் பிழைத்தது?

முதலில் உப்பு. கடற்கரை முழுக்க இருந்தும் உப்பு இவர்கள் கையில் இல்லை. 1815 ஒப்பந்தத்தின்படி உப்பு வணிகத்தின் உரிமையைப் பிரெஞ்சு அரசு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தது. பதிலுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் வந்தது. பணம் அரசுக்கு. கடலோரத்தில் இருந்தவனுக்குத் தன் வீட்டு வாசலில் கிடைக்கும் உப்பின் மேல் உரிமை போயிற்று.

அடுத்து மணிலாக்கொட்டை. தென்னாற்காட்டில் விளைந்த மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெய் ஆலைகளும் சோப்புத் தொழிற்சாலைகளும் இருந்தன. 1879இல் விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை வந்ததும் இந்த வியாபாரம் இன்னும் பெருகியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி ஏற்றுமதியில் மணிலாக்கொட்டைக்குத்தான் பெரிய இடம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், விளைந்த வயல்களில் பெரும்பகுதி ஆங்கிலேயர் நிலத்தில் இருந்தது. கப்பல் ஏறிய இடம் மட்டும் பிரெஞ்சு நிலம்.

மூன்றாவது துணி. அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி புதுச்சேரியின் பழைய சரக்கு. அது ஆப்பிரிக்காவின் செனகல் வரை போய், அங்கே பல இடங்களில் பணத்துக்குப் பதிலாகவே கைமாறியது. இந்தத் தொழிலின் தொடர்ச்சியாக ஆலைகள் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தொடங்கியது சவானா மில். அந்த நூற்றாண்டின் கடைசியில் கெபெலே மில்லும் ரோடியர் மில்லும் வந்தன. கடலூர் சாலையில் முதலியார்பேட்டையில் இருந்த ரோடியர் மில்தான் பிற்காலத்தில் ஏ.எஃப்.டி. என்று அறியப்பட்டது. சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்கள் ஏர் கலப்பையை விட்டுவிட்டுச் சங்குச் சத்தத்துக்கு எழுந்திருக்கப் பழகியது இந்த ஆலைகளால்தான்.

நான்காவது பணம். 1877இல் இந்தோசீனா வங்கி புதுச்சேரியில் கிளை திறந்தது. பிரெஞ்சு வங்கிதான், ஆனால் இங்கே அது அச்சிட்டுக் கொடுத்த நோட்டு ரூபாய் நோட்டு! பிராங்கை வைத்துக் கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் மணிலாக்கொட்டை வாங்க முடியுமா?

ஆக, எல்லை என்பது இந்த ஊருக்கு லாபமும் பயமும் சேர்ந்த ஒன்று. எல்லை இருந்ததால் வரி குறைவு, அதனால் வியாபாரம். அதே எல்லையை ஆங்கிலேயர் இறுக்கினால் வியாபாரம் படுத்துவிடும். இதற்கு ஒரு பத்திரிகையே உதாரணம். சென்னையில் அடக்குமுறை வந்ததும் பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்தார். 'இந்தியா' வார இதழும் இங்கே மாறியது. பிரெஞ்சுச் சட்டப்படி அச்சிடத் தடை இல்லை. ஆனால் வாசகர்கள் இருந்தது ஆங்கிலேயர் பகுதியில். அங்கே இதழ் நுழையத் தடை வந்ததும் 1910இல் 'இந்தியா' நின்று போனது. அச்சிடும் சுதந்திரம் இருந்தது, சந்தை இல்லை.

ஓட்டு இருந்தது, ஆனால்...

இப்போது ஓட்டுக்கு வருவோம்.

பிரெஞ்சுச் சட்டத்துக்கு முன் எல்லோரும் சமம் என்ற பேச்சை முதலில் சோதித்துப் பார்த்தவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873இல் அவர் ஐரோப்பியர் போல பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர்கள் அப்படி வரக்கூடாது என்று தண்டித்தார்கள். அவர் பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். பிறகு 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக் கொள்ளும் உரிமை இந்தியர்களுக்குக் கிடைத்தது. இப்படிச் செய்தவர்களைத் துறந்தோர் என்பார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளையும் அப்படித் துறந்து லாப்போர்த் என்ற குடும்பப் பெயரை வைத்துக் கொண்டார்.

இதைப் பார்த்துப் பயந்தவர்கள் பலர். துறந்தோர் கூட்டம் வளர்ந்தால் சாதிக் கட்டுப்பாடு என்ன ஆகும்? இந்தப் பயத்தின் மேல் அரசியல் கட்டியவர் நாடு சண்முக வேலாயுத முதலியார். 1880களில் இருந்து சுமார் கால் நூற்றாண்டு புதுச்சேரித் தேர்தல்கள் அவர் சொன்னபடி நடந்தன. பாரீசுக்குப் போக விரும்பும் பிரெஞ்சு அரசியல்வாதி அவர் தயவைத் தேட வேண்டியிருந்தது. துறந்தோர் உரிமையை வைத்து வந்த சமத்துவத்தை, எல்லோருக்கும் தரப்பட்ட ஓட்டை வைத்தே தடுத்து நிறுத்தினார் என்பதுதான் வேடிக்கை!

ஒருவருக்கு இவ்வளவு ஓட்டு எப்படிக் கிடைக்கும்? இதற்கு அந்தக் காலத்து ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வாக்காளர்கள் ஒரே பட்டியலில் இல்லை. உள்ளூர் மன்றங்களுக்கான தேர்தலில் ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், இந்தியருக்குத் தனிப் பட்டியல். 1884இல் துறந்தோருக்கும் சேர்த்து மூன்று பட்டியல், 1899இல் மறுபடி இரண்டு. சில நூறு ஐரோப்பியர்களின் பட்டியலும் ஆயிரக்கணக்கான இந்தியர்களின் பட்டியலும் தனித்தனியே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தால் ஓர் ஓட்டும் இன்னொரு ஓட்டும் எப்படிச் சமமாகும்? இரண்டாம் உலகப் போர் முடியும் காலம் வரை இந்தப் பிரிவு முழுதாகப் போகவில்லை.

இரண்டு, பட்டியலைத் தயாரிப்பது மேரி. செத்தவர் பெயர் பட்டியலில் இருப்பதும், உயிரோடு இருக்கும் எதிர்க்கட்சிக்காரர் பெயர் காணாமல் போவதும் மேரியில் உட்கார்ந்திருப்பவர் மனதைப் பொறுத்தது.

மூன்று, வாக்குச்சாவடிக்குத் தலைமை தாங்குவதும் மேர், அல்லது அவர் சார்பில் மன்றத்து ஆள். பெட்டி அவர் முன்னால். எண்ணுவது அங்கேயே. எத்தனை பேர் வந்தார்கள், யாருக்கு எத்தனை என்ற அறிக்கை எழுதுவதும் அங்கேயே.

நான்கு, குறை இருந்தால் வழக்குப் போடலாம். ஆனால் கடைசித் தீர்ப்பு பாரீசில். பண்ணையில் கூலி வேலை செய்பவன் பாரீசுக்கு வழக்காடப் போவானா?

சுருக்கமாகச் சொன்னால், ஒரு தடவை மேரியைப் பிடித்தவர் அடுத்த தேர்தலின் பட்டியலையும் பெட்டியையும் பிடித்துவிட்டார். அதனால்தான் புதுச்சேரித் தேர்தல்களில் அடிதடி பிரசித்தம். ஓட்டுப் போட வருபவரை மிரட்டிச் சாவடிப் பக்கமே வராமல் செய்ய இரண்டு கட்சியும் ஆள் வைத்திருந்தன. ஊர் பயந்து கதவைச் சாத்திக் கொள்ளும். மாலையில் பெட்டி மட்டும் நிறைந்திருக்கும்.

1914 நாடாளுமன்றத் தேர்தல் இதற்கு நல்ல உதாரணம். பால் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் அதில் நின்றார். அவர் அரவிந்தரின் நண்பர். அவருடன் வந்த மனைவி மீராதான் பின்னாளில் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை. பாரதியாரும் ரிஷாரை ஆதரித்தார். முடிவு? வெற்றி பெற்ற புளூய்சனுக்கு 30 ஆயிரத்துக்கும் மேல் ஓட்டு. ரிஷாருக்குச் சில நூறு. ஆள் பலமும் மேரிகளும் கையில் இல்லாதவருக்கு அறிவாளிகள் ஆதரவு இருந்து என்ன பயன்?

முதலாளியே மேர்

1908இல் புதுச்சேரி மேர் ஆனவர் ஹென்றி கெபெலே. மேலே சொன்ன கெபெலே மில்லின் முதலாளி அவர்தான். 1928 வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், புதுச்சேரி அரசியலில் அவர் கை ஓங்கியிருந்தது. தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பவரும், அவர் பெயரைப் பட்டியலில் எழுதும் அலுவலகத்தின் தலைவரும் ஒருவரே என்றால் அந்தத் தொழிலாளி யாருக்கு ஓட்டுப் போடுவார்?

அந்தக் காலத்தில் ஊர்ப் பெரிய மனிதர் என்ற அந்தஸ்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1911இல் புதுச்சேரியில் தங்கும் வெளியாட்களுக்காக ஒரு சட்டம் வந்தது. உள்ளூரின் மதிப்புக்குரிய ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால்தான் தொடர்ந்து தங்கலாம். அரவிந்தருக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் கலவை சங்கரச் செட்டியார் என்ற வணிகர். 1910இல் அரவிந்தர் வந்து இறங்கியபோது முதலில் தங்க இடம் கொடுத்ததும் அவர் வீடுதான். ஐந்து பெரிய மனிதர்கள் மனது வைத்தால் ஒரு மனிதரை ஆங்கிலேய அரசிடம் இருந்து காப்பாற்ற முடிந்தது. அது நல்ல காரியம். ஆனால் எல்லாக் காரியத்துக்கும் ஐந்து பெரிய மனிதர்கள் மனது வைக்க வேண்டியிருந்தது என்பதுதான் ஊரின் நிலைமை.

பெண்களின் நிலை இன்னும் மோசம். சென்னை மாகாணத்தில் 1921இலேயே சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது. எல்லோருக்கும் ஓட்டு என்று பெருமை பேசிய பிரான்ஸ் தன் நாட்டுப் பெண்களுக்கே 1944இல்தான் கொடுத்தது. இந்த ஒரு விஷயத்தில் கடலூர் பக்கம் முந்திக் கொண்டது!

பெட்டிக்கு வெளியே வந்த மாற்றம்

மாற்றம் ஓட்டுப் பெட்டியில் இருந்து வரவில்லை, மில் வாசலில் இருந்து வந்தது.

1930களில் வ. சுப்பையா தொழிலாளர்களைத் திரட்டினார். 1934இல் 'சுதந்திரம்' என்ற இதழையும் தொடங்கினார். வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், சங்கம் வைக்க உரிமை வேண்டும் என்பவை முக்கியக் கோரிக்கைகள். 1936இல் வேலைநிறுத்தம் நடந்தது. ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் உயிரிழந்தார்கள். பிரான்ஸ் வரை எதிரொலித்த இந்தச் சம்பவத்துக்குப் பிறகு 1937இல் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கிடைத்தன. ஓட்டுரிமை வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கிடைக்காத ஒன்று அந்த 12 உயிர்களுக்குப் பின் கிடைத்தது.

அப்படியானால் கொம்யூன், மேரி எல்லாம் வெறும் ஏமாற்று வேலையா? அப்படியும் முடிவு கட்டிவிட முடியாது. கதையின் கடைசிப் பகுதி வேறு மாதிரி போகிறது.

1947இல் இந்தியா விடுதலை அடைந்த பிறகும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமே இருந்தது. 1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் எதுவார் குபேர் தலைமையிலான பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி வென்றது. அது அப்போது பிரான்சோடு இருப்பதை ஆதரித்த கட்சி. மேரிகள் அதன் கையில். பழைய கதைதான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1954 மார்ச் 18 அன்று புதுச்சேரிப் பகுதி நகராட்சிகள், உடனே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டன. சில நாட்களில் காரைக்கால் நகராட்சிகளும் சேர்ந்து கொண்டன. குபேரும் கட்சி மாறி, அந்த மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இருந்து போராட்டத்தை நடத்தினார். 1907இல் உருவான அதே நெட்டப்பாக்கம் கொம்யூன்!

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் எல்லோரும் ஓட்டுப் போடவில்லை. சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் போட்டார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவடைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய கொம்யூன்களின் உறுப்பினர்களே பிரெஞ்சு ஆட்சிக்கு விடை கொடுத்தார்கள்.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

1973இல் இயற்றிய சட்டங்களின்படி பழைய கொம்யூன்கள் நகராட்சிகளாகவும் கொம்யூன் பஞ்சாயத்துகளாகவும் மாறின. அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து ஆனது. ஆனால் 1968 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்த தேர்தல் நடந்தது 2006இல். இடையில் 38 ஆண்டுகள்! 2006இல் வந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் நடக்காமல் நின்று போனது.

கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக் கொள்கிறார்கள். 1880இல் தேர்தல் வந்தபோது பட்டியலும் பெட்டியும் ஒரு சிலர் கையில் இருந்தன, அதனால் ஓட்டுக்கு மதிப்பில்லை. பட்டியலையும் பெட்டியையும் தனி ஆணையம் பார்த்துக் கொள்ளும் காலம் வந்தபோது, உள்ளாட்சித் தேர்தலே பல ஆண்டுகள் நடக்கவில்லை.

தவளக்குப்பத்தில் ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த, ஐந்து வருடத்தில் திரும்ப ஓட்டுக் கேட்டு வரப்போகிற ஒருவரிடம் சொல்ல முடிந்தால் அது ஊராட்சி. அப்படி ஒருவரை உருவாக்கத்தான் 1880இலும் 1907இலும் காகிதத்தில் ஏற்பாடு செய்தார்கள். அந்தக் காகிதத்துக்கு உயிர் கொடுக்கும் வேலை ஊர் மக்களுடையது.